22 வயது லெப்டினன்ட், 45 வயது சுபேதார், 30 ஜவான்கள்: நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பாரூர்_மைதானம்:
எல்லாருக்கும் வணக்கம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் சிப்பாயாகச் சேர்ந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இப்போது பெங்களூரில் எஸ்எஸ்பி என்ற ஆபீசர் தேர்வு முடித்துப் பரங்கிமலை ஓடிஏ என்ற ஆபீசர் பயிற்சி அகாடமிக்குப் போகிற பிள்ளைகளும் காலையில் நம் மைதானத்தில்தான் ஓடுகிறார்கள். அவர்களுக்காக இந்தக் கேள்வி.

பயிற்சி முடிந்ததும் முப்பது பேர் அளவுள்ள ஒரு பிளட்டூன் கைக்கு வருகிறது. பாதிப் பேர் இவனைவிட மூத்தவர்கள். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்த சுபேதார் சாபுக்கு இவன் வயதில் மகன் இருப்பான். தோளில் நட்சத்திரம் ஏறியதால் சல்யூட் வந்துவிடும். ஆனால் குண்டு பறக்கிற இடத்தில் "வா" என்றதும் பின்னாலேயே எழுந்து வருகிறார்களே, அது எதனால் வருகிறது? ஆளுமை, பேச்சுத்திறன் என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். என்ன செய்ய வேண்டும், எதில் கோட்டை விடுவார்கள் என்று சொல்லுங்கள். செட்வுட் வாசகம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதை அன்றாடம் எப்படி நடத்துவது என்பதுதான் தேவை.

ஊத்தங்கரை_சேப்பர்:
தம்பி, 1932இல் டேராடூன் இராணுவ அகாடமியைத் திறந்தபோது அன்றைய படைத் தலைவர் செட்வுட் சொன்னதில் வரிசைதான் முக்கியம். முதலில் நாடு, அடுத்து உன் கீழே இருக்கிற ஆட்கள், கடைசியில் நீ. ஜவான் அந்த வாசகத்தைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அந்த வரிசை நடக்கிறதா என்று லங்கரிலும் (ஜவான்களின் சமையற்கூடம்) லீவிலும் தண்டனையிலும் பார்த்துக்கொண்டே இருப்பான்.

லங்கரை எடுத்துக்கொள். சாப்பாட்டை ருசி பார்ப்பது எல்லா ஆபீசரும் செய்வதுதான். தனிக் கிண்ணத்தில் எடுத்து வைத்து நீட்டுவார்கள், அதில் நல்ல துண்டுதான் இருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு ரிஜிஸ்டரில் 'நன்று' என்று எழுதினால் எதுவும் தெரியாது. வரிசையின் கடைசிக்குப் போய் நில். கடைசி ஆளின் தட்டில் எத்தனை துண்டு விழுகிறது, பருப்பு கெட்டியாக இருக்கிறதா தண்ணீராக ஓடுகிறதா என்று பார். முதல் ஆளுக்கு மூன்று துண்டும் கடைசி ஆளுக்கு வெறும் குழம்பும் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கரண்டி பிடிக்கிறவன் வேண்டியவன் வேண்டாதவன் பார்க்கிறான். அல்லது அன்றைக்கு லீவிலிருந்து திரும்பியவர்களும் காவலிலிருந்து இறங்கியவர்களும் சமையல் கணக்கில் சேரவில்லை. ரேஷன் கணக்கு பார்க்கிற கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தாரை அழைத்து, ரேஷன் வாங்கிய எண்ணிக்கையையும் ரோல் கால் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பிறகு வெளி போஸ்ட். சோறு அங்கே போய்ச் சேரும்போது சூடு இருக்கிறதா, இரவு 2 மணி சென்ட்ரிக்கு டீ போகிறதா என்று பார். கடைசியாக நீ உட்கார்ந்து சாப்பிடு.

லீவு இதைவிடப் பெரிய விஷயம். ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேசுவல் லீவு. வருடத் தொடக்கத்திலேயே செக்ஷன் (பிளட்டூனுக்குள் பத்துப் பேர் பிரிவு) வாரியாகப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டிவிடு. எல்லாரையும் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அனுப்ப முடியாது. போன வருடம் பொங்கலுக்குப் போனவன் இந்த வருடம் காவலுக்கு நிற்பான் என்பது எழுத்தில் இருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. பட்டியல் ஆபீசர் மனதுக்குள் மட்டும் இருந்தால், யாருக்கு லீவு கிடைத்தாலும் காக்கா பிடித்து வாங்கினான் என்றுதான் பேச்சு வரும்.

இளம் ஆபீசர்கள் செய்கிற பெரிய தப்பு, அந்த லீவைப் பரிசாகக் கொடுப்பது. சுடுதலில் முதலில் வந்தவனுக்கு முன்னாடியே லீவு என்று அறிவிப்பார்கள். உற்சாகப்படுத்தத்தான் செய்வார்கள். ஆனால் அந்த நாட்கள் பட்டியலில் வேறொருவன் தங்கை கல்யாணத்துக்குக் குறித்து வைத்த நாட்களாக இருக்கும். பரிசு கொடுக்கப் பாராட்டு இருக்கிறது, கோப்பை இருக்கிறது, எல்லாரும் கூடுகிற தர்பாரில் பெயர் சொல்லலாம். உரிமையாக வரவேண்டியதை எடுத்துப் பரிசாக்கக் கூடாது.

பாலக்கோடு_நாயக்:
சேப்பர் ஐயா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் வரிசையில் நான் மாறுபடுகிறேன். சோறும் லீவும் சரியாக நடந்தால் "சாப் நல்லவர்" என்ற பெயர் வரும். நல்லவர் பின்னால் போய்ச் சாக யாரும் தயாராக இல்லை. "இந்த ஆளுக்கு வேலை தெரியும், என்னை வீணாக்க மாட்டான்" என்ற எண்ணம்தான் முதலில் வரவேண்டும்.

அதற்கு அடையாளம், உத்தரவு கொடுக்கும் முறை. கைவசம் இருக்கிற நேரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் தலைவனுக்கு. மீதி இரண்டு பங்கு கீழே இருக்கிறவர்களுக்கு. கிளம்ப 6 மணி நேரம் இருந்தால் 2 மணி நேரத்துக்குள் உன் திட்டத்தை முடித்துச் செக்ஷன் கமாண்டர்களைக் கூப்பிட்டுவிட வேண்டும். புது லெப்டினன்ட் என்ன செய்வார் என்றால், திட்டம் கச்சிதமாக வரவேண்டும் என்று நாலரை மணி நேரம் மேப்பிலேயே குனிந்திருப்பார். மீதி நேரத்தில் செக்ஷன் கமாண்டர் ஆட்களைத் திரட்டி, ரேடியோ பேட்டரி பார்த்து, குண்டு பங்கிட்டு, ஒத்திகையும் பார்க்க முடியுமா? முதலில் அடிபடுவது ஒத்திகைதான். ஒத்திகை இல்லாமல் இருட்டில் இறங்கினால் இரண்டாம் செக்ஷன் எந்தப் பக்கம் திரும்பும் என்று முதல் செக்ஷனுக்குத் தெரியாது. சொந்த ஆளே சொந்த ஆளைச் சுடுவது இப்படித்தான் நடக்கிறது.

இறங்கப்போகிற இடத்தின் மாதிரி ஒன்றை மணலால் தரையில் போடுங்கள். ஓடைக்கு நீலக் கயிறு, மேட்டுக்குக் கல், எதிரி இருக்கும் இடத்துக்குச் சிவப்புத் துணி. வேலை இன்னதென்று இரண்டு முறை சொல்லுங்கள், அது படை வழக்கமே. முடிந்ததும் "புரிந்ததா" என்று கேட்காதீர்கள், எல்லாரும் "சாப்" என்றுதான் சொல்வார்கள். கடைசி வரிசைச் சிப்பாயை எழுப்பி, அவன் வேலையை மாதிரியில் குச்சி வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவன் தடுமாறினால் தப்பு அவனிடம் இல்லை, உத்தரவில். மறுபடி சொல்லுங்கள். ஏன் இந்த வேலை என்றும் ஒரு வரி சொல்லுங்கள். தலைவன் விழுந்தால் அடுத்தவன் அந்த ஒரு வரியை வைத்துத்தான் மிச்சத்தை முடிப்பான்.

போகும்போது எண்ணு, வரும்போது எண்ணு. பக்கத்துப் போஸ்ட்டுக்கு நேரமும் பாஸ்வேர்டும் சொல்லியாயிற்றா என்று நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

ஊத்தங்கரை_சேப்பர்:
நாயக் தம்பி சொன்னதை ஏற்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சண்டை வருவது எப்போதோ. அதுவரை 'வேலை தெரிந்தவர்' என்று காட்டப் பெரிய வாய்ப்பு வராது. சோறு நாளைக்கு மூன்று வேளை வரும். வேளாவேளைக்குப் பார்த்துப் பார்த்து வந்த கணக்கோடுதான் அவன் சண்டை நாளன்று எழுந்திருப்பான்.

தகடூர்_நடுகல்:
இந்த வாதத்துக்கு நம் ஊரிலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் எங்களோடு உண்பான் என்று தொடங்கும். எலும்போடு கறி கிடைக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்போடு வேல் நுழைகிற இடமெல்லாம் தான் நிற்பான் என்று போகும். ஒருவர் லங்கரைச் சொன்னீர்கள், இன்னொருவர் சண்டையைச் சொன்னீர்கள். ஔவையார் இரண்டையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்துவிட்டார்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் நடுகற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இன்ன தலைவனின் சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று வெட்டியிருக்கும். மாடு மீட்கப் போய் இறந்த சாதாரண வீரனுக்குப் பெயர், அவன் யாருடைய ஆள், எதற்காக இறந்தான் மூன்றும் கல்லில் இருக்கின்றன. செத்தாலும் பெயர் நிற்கும் என்ற உறுதி அன்றைய வீரனுக்கு இருந்தது.

குறளில் படைமாட்சி அதிகாரத்தையும் பாருங்கள். சிறுமை, செல்லாத் துனி, வறுமை மூன்றும் இல்லாத படை வெல்லும் என்கிறது 769ஆம் குறள். துனி என்றால் மனத்திலிருந்து நீங்காத வெறுப்பு. தலைவன் இழிவு செய்வதால் வருவது. வறுமை, சம்பளம் கொடுக்காததால் வருவது. படை பெரிதாக இருந்தாலும் தலைமக்கள் இல்லாவிட்டால் அது படையே இல்லை என்று அடுத்த குறளே சொல்லிவிடுகிறது.

அந்தத் துனி எப்படி முற்றும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே வேலூர் இருக்கிறது. 1805 நவம்பரில் மதராஸ் படைத் தலைவர் கிராடக் காலத்தில் புது உத்தரவு வந்தது. நெற்றியில் மதக்குறி கூடாது, தாடி மழிக்க வேண்டும், கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். 1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் அந்தத் தலைப்பாகையைப் போட மறுத்தார்கள். எதிர்த்தவர்களில் இரண்டு பேருக்குக் கசையடி கொடுத்துப் படையிலிருந்து நீக்கினார்கள். ஜூனில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரில் போய்ச் சதி நடக்கிறது என்று சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு யாரிடம் போனது? அதே படையின் இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் அப்படி ஒன்றுமில்லை என்றார்கள். எச்சரித்தவரைப் பிடித்து அடைத்தார்கள். ஜூலை 10 விடியற்காலையில் கோட்டை எழுந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். இரண்டு பக்கமும் பிணம் குவிந்தது.

தலைப்பாகை தொடக்கம்தான். அதைப் போடமாட்டேன் என்று சொல்ல வந்தவனை அடித்ததும், எச்சரித்தவனைப் பூட்டியதும் சேர்ந்த பிறகு, பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

பாரூர்_மைதானம்:
ஐயா, இதைத்தான் கேட்க நினைத்தேன். இன்றைக்கு ஒரு ஜவானுக்குக் குறை இருந்தால் எந்த வழியில் சொல்வான்? ஆபீசரே குறையாக இருந்தால்?

பென்னாகரம்_ஹெட்கிளார்க்:
இராணுவச் சட்டம் 1950இல் பிரிவு 26. ஆபீசர் அல்லாத எவரும் தன் கமாண்டரிடம் முறையிடலாம். குறை அந்தக் கமாண்டர் மேலேயே என்றால் அவருக்கு மேலே இருக்கிறவரிடம் முறையிடலாம். வழி சட்டத்திலேயே இருக்கிறது. அது அடைபடுவது நடுவில்தான்.

மாதாந்தர சைனிக் சம்மேளன் என்ற வீரர்கள் கூட்டத்தில் "யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று சிஓ (கமாண்டிங் ஆபீசர்) கேட்பார். பெரும்பாலும் அமைதியாக இருக்கும். காரணம், எழுப்பப்போகிற விஷயங்களை முந்தின நாளே வாங்கி, சங்கடமானவற்றை வடிகட்டிவிடுகிறார்கள். மீறிக் கேட்டவனை மறுநாள் தனியாகக் கூப்பிட்டு "சபையில் ஏன் கேட்டாய்" என்பார்கள். ஒரே ஒருவனுக்கு அப்படி நடந்தால் போதும், இரண்டு வருடத்துக்கு அந்தக் கம்பெனியில் யாரும் வாய் திறக்க மாட்டான்.

இதைச் சரிசெய்யும் வழி எளிது. போன மாதம் கேட்ட ஒவ்வொன்றுக்கும் இந்த மாதம் முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் புதிய கேள்வி. முடிந்தது, நடக்கிறது, முடியாது என்ற மூன்றில் ஒன்று. முடியாதென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். குளியலறை ஹீட்டர் பற்றிய கேள்விக்கு ஒழுங்காகப் பதில் வந்தால்தான் அடுத்த மாதம் ஹவில்தார் பணம் கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்ற கேள்வி வெளியே வரும்.

தண்டனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிவு 80இல் சிஓ தரக்கூடிய சிறு தண்டனைகள் வரையறுத்து இருக்கின்றன. லைனை (படைக் குடியிருப்பு) விட்டு வெளியே போகக் கூடாது என்பதே அதிகபட்சம் 28 நாள்தான். இராணுவ விதி 22இன்படி குற்றச்சாட்டை அவன் முன்னாலேயே விசாரிக்க வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் தன் தரப்புச் சாட்சியைக் கூப்பிடவும் அவனுக்கு உரிமை உண்டு. இதை இரண்டு நிமிடச் சடங்காக முடிக்கிற இடத்தில் தண்டனை சரியாகவே இருந்தாலும் மனதில் தங்கிவிடும். முழுதாகக் கேட்டுவிட்டுக் கொடுத்தால் "சாப் கேட்டார், என் மேல்தான் தப்பு" என்று அவனே வெளியே வந்து சொல்வான்.

அடிப்பது தண்டனை இல்லை, குற்றம். கீழே இருப்பவனை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ பிரிவு 47இன் கீழ் 7 வருடம் வரை சிறை. முதுகில் பிட்டூ (சுமைப் பை) கட்டி வெயிலில் ஓடவிடுவதெல்லாம் எந்த எழுத்திலும் இல்லாதது. ஒருவன் துப்பாக்கி அழுக்காக இருந்ததற்கு முப்பது பேரின் தூக்கத்தைக் கெடுப்பதும் அப்படித்தான். அந்த இரவு முப்பது பேரும் யாரைத் திட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்?

பாலக்கோடு_நாயக்:
கூட்டுத் தண்டனையில் ஒரு சொல். செக்ஷன் கமாண்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் போதும். பத்துப் பேரின் துப்பாக்கிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவரை ஆட்கள் முன்னால் கேட்காதீர்கள். ஆட்கள் முன்னால் கிழிபட்ட ஹவில்தார், அன்றிலிருந்து ஆபீசருக்கும் ஆட்களுக்கும் நடுவில் சுவராகிவிடுவார்.

ஓசூர்_நர்சிங்_அசிஸ்டென்ட்:
மருத்துவப் பக்கம் யாரும் தொடவில்லை. தலைவன் எப்படி என்பதை மருத்துவ முகாமில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

கால். நீண்ட நடையில் 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு. அந்த 10 நிமிடத்தில் தலைவன் தண்ணீர் குடித்துவிட்டு மேப் பார்த்தால் போதாது. பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் காலைப் பார்க்க வேண்டும். குதிகாலும் பெருவிரல் பக்கமும் சிவந்திருந்தால் அப்போதே பிளாஸ்டர். கொப்புளமாகும் வரை விட்டால் மறுநாள் அந்த ஆள் சுமையை இன்னொருவன் தூக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ், ஈரமானது பிட்டூ மேல் ஊக்கில் காய வேண்டும். ஆபீசர் குனிந்து சிப்பாயின் காலைத் தொட்டுப் பார்ப்பதை முதல் முறை பார்க்கும்போது புதுப் பையன்கள் கூச்சப்படுவார்கள். மூன்றாவது நடையில் தானாகவே காலை நீட்டுவார்கள். வலியை மறைக்காமல் சொல்லத் தொடங்குவதுதான் இங்கே லாபம்.

உயரம். மலையில் உடல் பழக 2700 மீட்டருக்கு மேல் 3600 வரை 6 நாள், 3600 முதல் 4500 வரை இன்னும் 4 நாள், அதற்கு மேல் மறுபடி 4 நாள் என்று படை விதி இருக்கிறது. முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. மூன்றாம் நான்காம் நாளில் மெதுவாக ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர். ஐந்தாம் ஆறாம் நாளில் ஐந்து கிலோமீட்டர் வரை, கொஞ்சம் ஏற்றம். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் குளிரில் வளர்ந்த பையன் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்பான். நன்றாக ஓடுகிறவனுக்கும் நுரையீரலில் நீர் கோக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமலில் இளஞ்சிவப்பு நுரை வருவது தெரிந்தால் ஆக்ஸிஜன் கொடுத்து உடனே கீழே இறக்க வேண்டும், காலையில் பார்ப்போம் என்று விடக்கூடாது.

இங்கேதான் தலைவனுக்குச் சோதனை. மேலிடம் "நாளைக்கே போஸ்ட்டுக்கு ஏற்று" என்று நெருக்கும். "இன்னும் இரண்டு நாள் பாக்கி, எழுத்தில் உத்தரவு கொடுங்கள்" என்று கேட்கிற தைரியம் வேண்டும். அந்த ரேடியோ பேச்சை ஆபரேட்டர் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். அன்று மாலைக்குள் போஸ்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பிரிட்டிஷ் இந்தியப் படையை நடத்திய ஜெனரல் ஸ்லிம் செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1943இல் அந்த முனையில் காயத்தால் ஒருவர் பின்னால் அனுப்பப்பட்டால் நோயால் 120 பேர். பெரும்பங்கு மலேரியா. மெப்பாக்ரின் என்ற மலேரியா தடுப்பு மாத்திரை இருந்தது, ஆட்கள் விழுங்கவில்லை. ஸ்லிம் மாத்திரையை மறுத்த சிப்பாயைத் தேடவில்லை. திடீரென ஒரு யூனிட் முழுக்கச் சோதனை செய்வார், மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கமாண்டிங் ஆபீசர் வீட்டுக்கு. மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்கள் தாங்களே நின்று மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். முன்னணிப் படைக்குப் பாதி ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் பாதி ரேஷன்தான். 'பில் மாமா' என்று சிப்பாய்கள் கூப்பிட்டது இவரைத்தான். கண்டிப்பு மேலே இருப்பவர்கள் மேல் விழுந்தது, அக்கறை கீழே போனது.

அரூர்_இல்லம்:
வணக்கம். வீட்டுப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லையில் இருப்பவரின் மனசு பாதி இங்கேதான். வரப்புத் தகராறு, பட்டா மாற்றம், மாமியாருக்கு ஆபரேஷன். இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டு அவர் ராத்திரி காவலுக்கு நிற்க வேண்டும்.

கம்பெனி கமாண்டர் கலெக்டருக்குக் கடிதம் போடலாம், போடவும் செய்கிறார்கள். ஆனால் "என் வீரருக்கு நிலப் பிரச்சினை, ஆவன செய்யவும்" என்று வரும் கடிதம் மேசையிலேயே கிடக்கும். கிராமம், தாலுகா, சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், எதிர்த்தரப்பு யார், இதுவரை எந்த ஆபீஸில் எந்தத் தேதியில் மனு கொடுத்தது என்று எல்லாம் இருக்க வேண்டும். நகல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், அடிதடி என்றால் எஸ்பிக்கும். பதினைந்து நாள் கழித்து நினைவூட்டு. இரண்டாவது கடிதம் வந்தால்தான் தாலுகா ஆபீஸில் நகரும்.

கோர்ட்டில் வழக்கு என்றால் இந்தியப் படைவீரர்கள் வழக்குச் சட்டம் 1925 இருக்கிறது. போர்ப்பணி போன்ற சிறப்புச் சூழலில் இருக்கிற வீரர் நேரில் வர முடியாது என்று படை அதிகாரியின் சான்று இருந்தால் சிவில் வழக்கை ஒத்திவைக்கச் சொல்லலாம். நம் பக்கத்து வக்கீல்களிலேயே பலர் இதை எடுப்பதில்லை. அவர் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும்.

பென்னாகரம்_ஹெட்கிளார்க்:
அக்கா சொன்னதோடு, வீரரின் சொந்த விவர மாற்றங்களைப் பதிகிற பார்ட் டூ ஆர்டரையும் சேர்க்க வேண்டும். கல்யாணம், குழந்தை பிறப்பு, மனைவி பெயர் திருத்தம் எதுவும் அதில் ஏறினால்தான் ஆவணத்தில் ஏறும். பையன் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்புவான், சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு மறந்துவிடுவான். அவனுக்கு ஏதாவது ஆனால் குடும்ப ஓய்வூதியம் நிற்கும், ஏஜிஐ (இராணுவக் குழுக் காப்பீடு) நியமனம் இன்னும் அம்மா பெயரில் இருக்கும், மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நிற்பார்கள். லீவிலிருந்து திரும்பியதும் செக்ஷன் கமாண்டர் கேட்க வேண்டிய கேள்வி "வீட்டில் எல்லாரும் நலமா" மட்டும் இல்லை, "ஆவணத்தில் ஏதாவது மாறியதா" என்பதும்தான்.

மத்தூர்_2023:
அண்ணா, ஐயா எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் விட்டுப்போனது. அக்னிவீர் வந்த பிறகு ஒரே பாரக்கில் இரண்டு வகை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு 60 நாள் ஆண்டு லீவு, எங்களுக்கு வருடத்துக்கு 30 நாள். நாலு வருடம் முடிந்ததும் 25 சதவீதம் வரைதான் நிரந்தரம். ஒரே செக்ஷனில் இருக்கிறவனே போட்டியாளன். இதில் விசுவாசம் எப்படி வரும்?

ஊத்தங்கரை_சேப்பர்:
தம்பி, நேர்மையாகக் கேட்டாய். லீவு வித்தியாசம் அரசு விதி, லெப்டினன்ட் மாற்ற முடியாது. மாற்ற முடியாததை மாற்றுவேன் என்று சொல்லாமல் இருப்பதே முதல் மரியாதை. முடிந்தது ஒன்று உண்டு. 30 நாள்தான் என்றால் அந்த 30 நாளும் அவன் கேட்ட மாதத்தில் கிடைக்க வேண்டும், ஒரு நாள்கூட வெட்டுப்படக் கூடாது. பட்டியலில் அவன் பெயரை முதலில் எழுது.

போட்டியைப் பொறுத்தவரை, ஒளித்து வைக்கிற மதிப்பெண்தான் விஷம். சுடுதல், ஓட்ட நேரம், ஆயுதப் பயிற்சி என்று அளக்கக்கூடியதை ஆளுக்கு ஒரு பக்கம் போட்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவனிடமே காட்டிக் கையெழுத்து வாங்கு. எதில் பின்தங்கினான், எப்படித் தேறலாம் என்று அப்போதே சொல். நாலாவது வருடம் திடீரென்று "உனக்கு இல்லை" என்று கேட்கிறவன் யாரையும் நம்ப மாட்டான். அவன் தம்பியும் நம்ப மாட்டான்.

பாலக்கோடு_நாயக்:
இதோடு இன்னொன்று. தேர்வு ஓட்டத்தில் ஆபீசர் முன்னால் ஓடட்டும், தன் நேரத்தைக் காட்டட்டும். பயிற்சி ஓட்டத்தில் கடைசியில் தள்ளாடுகிறவனோடு சேர்ந்து ஓட வேண்டும். நண்பனை இழுத்துக்கொண்டு வந்து நேரத்தை இழந்தவனுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். அது எழுதப்படும் என்று தெரிந்தால் போட்டி இருந்தாலும் செக்ஷன் உடையாது.

பாரூர்_மைதானம்:
மத்தூர் தம்பி கேட்டது நல்லதாகப் போயிற்று. சுபேதார் சாபோடு எப்படி என்று யாராவது சொல்லுங்கள். பிள்ளைகள் பயப்படுவது அதற்குத்தான்.

ஊத்தங்கரை_சேப்பர்:
பயப்பட ஒன்றுமில்லை. பெயரோடு 'சாப்' சேர்த்துக் கூப்பிடு, அவரும் உன்னை சாப் என்பார். அவர் சொன்ன உத்தரவை ஆட்கள் முன்னால் மாற்றாதே. தப்பென்று பட்டால் தனியாகக் கூப்பிட்டு "சாப், இதை இப்படிச் செய்தால்?" என்று கேள், அவரே போய் மாற்றிச் சொல்லட்டும். உயிர் போகிற தப்பென்றால் மட்டும் அங்கேயே நிறுத்து. அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட யோசனையை சிஓ முன்னால் உன் யோசனையாகச் சொல்லாதே, அவர் பெயரைச் சொல். மறுபக்கம், எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டு ரூமில் உட்கார்ந்தால், ஆறு மாதத்தில் பிளட்டூன் அவருடையதாகிவிடும், நீ விருந்தாளி.

மொழியை விடாதே. மதராஸ் ரெஜிமென்டிலும் நம் மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படையிலும் வடக்கிலிருந்து வருகிற ஆபீசர் 'தம்பி' என்று கூப்பிடக் கற்றுக்கொள்வது வழக்கம். அதே மாதிரி நம் பையன் பீகார் ரெஜிமென்டுக்குப் போனால் போஜ்புரியில் வீட்டு நலம் கேட்கத் தெரிய வேண்டும். திருச்சி மேஜர் சரவணன் ஓடிஏ முடித்துச் சேர்ந்தது 1 பீகாரில், அதாவது பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியனில். கார்கில் போரில் 1999 மே 29 அன்று படாலிக்கில் அவர் தலைமையில் ஏறியவர்கள் பீகார் வீரர்கள். அவர் விழுந்த இடத்திலிருந்து உடலை மீட்க ஜூலை வரை ஆனது. அந்த முகடு முழுக்கக் கைப்பற்றப்படும் வரை பட்டாலியன் விடவில்லை.

தகடூர்_நடுகல்:
சீனப் போரில் லடாக்கின் ரேசாங் லா கணவாயும் அப்படித்தான். 1962 நவம்பர் 18 அன்று 13 குமாவுன் பட்டாலியனின் மேஜர் ஷைத்தான் சிங், மறைப்பில்லாத மேட்டில் ஒரு பிளட்டூனிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போய்க்கொண்டே இருந்தார். பனி விலகிய பிறகு உடல்களைக் கண்டபோது, வீரர்கள் தங்கள் அகழியிலேயே ஆயுதத்தோடு இருந்தார்கள்.

பாரூர்_மைதானம்:
மிக்க நன்றி. இதையெல்லாம் சட்டைப்பையில் அடங்கும் ஒரு நோட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். மேலே பெயர், ஊர், தாய்மொழி, ரத்த வகை. கீழே கடைசியாக லீவு போன தேதி, அடுத்த லீவு, போன பொங்கல் எங்கே இருந்தான். அதற்குக் கீழே வீட்டுப் பிரச்சினை, எழுதிய கடிதத்தின் தேதி, நினைவூட்டிய தேதி. பின்பக்கம் சுடுதல், ஓட்டம். போதுமா?

ஓசூர்_நர்சிங்_அசிஸ்டென்ட்:
பூட்ஸ் அளவு சேருங்கள். அளவு தப்பான பூட்ஸை மாற்றிக் கேட்கக் கூச்சப்பட்டு அதிலேயே நடக்கிற பையன்கள் இருக்கிறார்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் வேண்டும்.

பென்னாகரம்_ஹெட்கிளார்க்:
கடன் என்று ஒரு வரி. யாரிடம், எவ்வளவு. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், நோட்டு பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஒருவன் பக்கத்தை இன்னொருவன் படித்துவிட்டால் அன்றோடு யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

அரூர்_இல்லம்:
மனைவி பெயர் ஆதாரிலும் பார்ட் டூ ஆர்டரிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று ஒரு கட்டம் போடுங்கள் தம்பி. இனிஷியல் முன்னால் இருக்கா பின்னால் இருக்கா என்பதுகூடப் பார்க்க வேண்டும். பேங்கில் அதற்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

பாரூர்_மைதானம்:
சேர்த்துவிட்டேன் அக்கா. ஞாயிறு காலை 6 மணிக்கு மைதானத்தில் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தை எழுதிக் காட்டப்போகிறேன். நாயக் அண்ணா, மணல் மாதிரியையும் அன்றே போடலாம். ஓடைக்கு நீலக் கயிறு என்னிடம் இருக்கிறது.